ரெண்டு கிலோ கொச்சிக்காயும் ஒரு கரிக்கோச்சியும்

எங்கள் பக்கத்தில் ரயிலுக்குக் கோச்சி என்று பேர். நிலக்கரி தின்று புகை விடும் பழைய ரயில் கரிக்கோச்சி. மிளகாய்க்குக் கொச்சிக்காய் என்று பேர்; வாய் அவசரத்தில் 'காய்' உதிர்ந்து வெறும் கொச்சியாகவும் நிற்கும். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் நடுவில் ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள தூரமாவது இருக்கும். போனில் இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் அதுவும் கிடையாது. அந்த இல்லாத கொம்பில் முட்டிக்கொண்டுதான் என் மகளின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

நான் பசறையில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். தொழில் அமைதியானது. ஆள் அப்படி இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளில், குடியிருந்த காலத்தில் ஒருநாள், பூமி அதிருது என்று கத்தி, வரிசையில் இருந்த அத்தனை குடும்பத்தையும் மழையில் கொண்டுவந்து நிறுத்தினேன். பக்கத்துக் காம்பரா வீட்டில் ஆட்டுக்கல்லை உருட்டி இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் எங்கள் தோட்டத்தில் யாராவது கொஞ்சம் வேகமாகத் தும்மினால், "அவருக்குச் சொல்லிராதீங்க, லயத்தக் காலி பண்ணிருவாரு" என்பார்கள்.

மகள் தன்னோடு கந்தோரில் வேலை செய்கிற ஒருவரைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையன் தங்கம். வீடு அப்புத்தளைப் பக்கம். அப்பா ஓய்வுபெற்ற டீமேக்கர். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே முதுகு தானாக நிமிரும். பறித்த கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து, தூளாகிச் சாக்கில் விழும்வரை தொழிற்சாலையில் எல்லாம் அவர் பொறுப்பு. மூக்காலேயே நாற்பது வருஷம் சம்பாதித்த மனுஷன். பெண் பார்க்க வந்து எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒருமுறை உறிஞ்சி, "சாம்பார்ல பெருங்காயம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். என் மனைவி அடுப்படிக்குள் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அன்றைக்கென்று பார்த்து எங்கள் குக்கர், விசிலுக்குப் பதிலாக நீளமாக ஒரு சீறல் சீறியது. நான் "எல்லாரும் குனிங்க!" என்று கத்திவிட்டு நானே முதலில் குனிந்தேன். குனிந்த இடத்தில் டீமேக்கரின் தேநீர்க் கோப்பை இருந்தது. அவர் நனைந்த வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பாப்போம்" என்று எழுந்தார்.

இரண்டு நாள் கழித்து மகள் வந்து நின்றாள்.

"அப்பா, அவங்களுக்கு என்னையப் புடிச்சிருக்காம். அம்மாவையும் புடிச்சிருக்காம்."

"அப்புறம்?"

"உங்களப் பத்தித்தான் யோசிக்கிறாராம். பொண்ணோட அப்பா ரொம்பப் பதட்டக்காரரா இருக்காரேன்னு. ஒரு நாள் முழுக்கக் கூட இருந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்னுட்டாரு."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். என் தோளில் இருந்த ஏதோ ஒரு நூலை எடுத்துப் போட்டுவிட்டு, "ஒரே ஒரு நாள்தாம்ப்பா" என்றாள்.

அந்த ஒரே ஒரு நாளுக்கு என் மனைவி என்னைத் தயார் பண்ணினாள். சட்டம் எளிது. பதட்டம் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தே ஆக வேண்டும் என்றால் 'பரவாயில்லங்க' என்ற ஒரு சொல்லை மட்டும், மெதுவாக, சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். மூன்று நாள் பயிற்சி நடந்தது. என் பின்னால் வந்து தட்டைக் கீழே போடுவாள். நான் கூரை உயரத்துக்குக் குதித்துவிட்டு, இறங்கி வந்து, "பரவாயில்லங்க" என்பேன்.

"குதிக்கிறத விட்டுட்டுச் சொல்லுங்க."

"அது என் கையில இல்லம்மா, கால்ல இருக்கு."

வியாழக்கிழமை டீமேக்கரிடமிருந்து போனுக்குச் செய்தி வந்தது. Sunday kari kochi vaanga. 8 mani Badulla station. அவ்வளவுதான். வாய் மாதிரியே விரலும் சிக்கனம்.

நான் வாசித்தது இப்படி: ஞாயிற்றுக்கிழமை, கறிக்கொச்சி வாங்க, எட்டு மணி, பதுளை ஸ்டேஷன். சமையலுக்குக் கொச்சிக்காய் வாங்கி வரச் சொல்கிறார், ஸ்டேஷனில் சந்திப்போம் என்கிறார். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அப்புத்தளையில் காலையில் காயப்போட்ட துணி மாலையில் இன்னும் ஈரமாக இருக்கும். அந்தப் பனிமூட்டத்தில் எந்தக் கொச்சிக்காய் காயும்? பதுளை வெயிலில் காய்ந்த சரக்கு வேண்டும் என்று ஒரு டீமேக்கர் ஆசைப்படுவது எவ்வளவு நியாயம்! இதை நான் மனைவிக்கு விளக்கினேன்.

"கறிக்கொச்சின்னு தனியா ஒண்ணு இருக்கா?"

"பெரிய மூக்குக்காரங்களுக்கு இருக்கும்."

"ஒருதரம் போன் பண்ணிக் கேட்டுருங்களேன்."

"கேட்டா பதட்டக்காரன்னு நெனப்பாரு."

இந்தப் பதிலில் அவளும் மடங்கிப்போனாள். சனிக்கிழமை பதுளைக்குப் போய், வழக்கமான முஸ்லிம் கடையில், "நானா, கறிக்கொச்சி இருக்கா?" என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "கொச்சிக்காய கறிக்குப் போடாம இனிப்பு வட்டிலப்பத்துக்கா தம்பி போடுறது?" என்று சொல்லி, இருப்பதிலேயே காரமான, பளபளவென்று காய்ந்த சரக்கை அள்ளினார். அளவு எதுவும் செய்தியில் இல்லாததால், பெண் வீட்டார் கஞ்சப்படக் கூடாது என்று இரண்டு கிலோ சொன்னேன். காய்ந்த கொச்சிக்காய் இரண்டு கிலோ என்றால் எவ்வளவு வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு தலையணை வரும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தலையணையைத் துணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டு, நான், மனைவி, மகள் மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் கறுப்பாக ஒரு மலை பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. பக்கமெல்லாம் வெள்ளை ஆவி. சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் கேமராவோடு. அதன் முன்னால், இஸ்திரி போட்ட வேட்டி சட்டையில், கல்யாண மாப்பிள்ளையே அவர்தான் என்பதுபோல டீமேக்கர் நின்றிருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி, மகன்.

"வந்துட்டீங்களா! பாத்தீங்களா கரிக்கோச்சிய? சின்ன வயசுல பாத்தது. டூரிஸ்ட்காரங்களுக்காக விடுறாங்க. கடைசிப் பெட்டியில நம்ம ஆளுகளுக்கும் எடம் குடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன், ஒடனே ஆறு டிக்கட் எடுத்துட்டேன். பண்டாரவளைக்குப் போய்ட்டுத் திரும்ப வருவோம். அதான் வாங்கன்னு அனுப்புனேன்."

என் தலைக்குள் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து இடம் மாறி உட்கார்ந்தன. கறி எழுந்து கரியானது. கொச்சிக்கு இன்னொரு கொம்பு முளைத்தது. கடைசியில் 'வாங்க' திரும்பிப் பார்த்து, நான் வாங்குகிற வாங்க இல்லைடா, வருகிற வாங்க என்றது.

மனைவி உதடு அசையாமல் சொன்னாள்: "பைய முதுகுக்குப் பின்னாடி வைங்க."

"அது என்ன பை?" என்றார் டீமேக்கர்.

"தலவாணிங்க," என்றேன். "முதுகு வலி."

ரயிலில் ஏறுவது என்றால் எனக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இருட்டுக் குகைக்குள் போவது பிடிக்காது. பஸ்ஸில் என்றால் நமுனுகுல மலை வளைவில் ஒரு சக்கரம் காற்றில் இருந்தாலும் பயமில்லை. டிரைவர் முகம் கண்ணாடியில் தெரியும், அவரும் பயப்படுகிறாரா என்று பார்த்துக்கொள்ளலாம். ரயிலில் யாரைப் பார்ப்பது? அதுவும் இந்தப் பாதையில் சுரங்கத்துக்குப் பஞ்சமே இல்லை. நான் கொச்சிக்காய்த் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தேன். அது முதுகில் சரசரவென்று நொறுங்கியது. எதிரில் டீமேக்கர், ஜன்னலோரம், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என்னைக் கொழுந்து மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி புறப்பட்டது. பதுளையிலிருந்து ஏற்றம்தான். எஞ்சின் மூச்சு வாங்கி வாங்கி இழுத்தது. கரித்தூள் ஜன்னல் வழியாக உள்ளே வந்து எல்லார் முகத்திலும் மூக்குத்தி வைத்தது. கொஞ்ச நேரத்தில் டீமேக்கர் நிதானமாகச் சொன்னார்:

"உங்க சட்டை எரியுது."

பார்த்தேன். கைப்பக்கத்தில் ஒரு நெருப்புத்துளி விழுந்து, சின்ன வட்டமாகப் புகைந்து, வட்டம் பெரிதாகிக்கொண்டிருந்தது. என் உடம்பின் ஒவ்வொரு நரம்பும் எழுந்து ஜன்னல் வழியாகக் குதிக்கத் தயாரானது. மனைவியின் முழங்கால் என் முழங்காலை இடித்தது.

"பரவாயில்லங்க," என்றேன், மெதுவாக, சிரித்த முகத்தோடு.

"சுடலையா?"

"சுடுதுங்க. பரவாயில்லங்க."

அவர் மகன்தான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஊற்றி அணைத்தார். டீமேக்கரின் புருவம் அரை அங்குலம் உயர்ந்தது. நல்ல தூளை முகர்ந்தால் உயருமே, அந்த மாதிரி. மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இன்னொரு சட்டைக்கையையும் எரிக்கலாம் என்று தோன்றியது.

இப்படியே விட்டிருந்தால் நான் பண்டாரவளைவரை ஒரு ஞானியாகவே போயிருப்பேன். ஆனால் ஒரு வெள்ளைக்காரம்மா வந்து, வாசல்பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்த மகளையும் டீமேக்கர் மகனையும் படம் எடுத்தது. அதைப் பார்த்து இன்னொருவர். பிறகு நாலைந்து பேர். "அழகான ஜோடி" என்று என்னென்னவோ மொழியில் சொன்னார்கள். டீமேக்கரின் மனைவிக்கு முகம் வாடிவிட்டது.

"எத்தன கண்ணு! ஊருக்கண்ணு பத்தாதுன்னு நீலக்கண்ணு வேற. கொச்சிக்காய் உப்பு சுத்திப் போடணும். வீட்டுக்குப் போற வரைக்கும் என்ன ஆகுமோ."

அந்த அம்மா சொல்லி முடிக்கவில்லை, எனக்குள் மணி அடித்தது. கொச்சிக்காய் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உப்பு, காலையில் வாங்கிய மாங்காய்த் துண்டுப் பொட்டலத்தில் இருக்கிறது. நெருப்பு? உலகத்திலேயே பெரிய அடுப்பு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது! வீட்டுக்குப் போகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? சம்பந்தியம்மா மனசு குளிரும். தலையணையும் கொஞ்சம் இளைக்கும்.

யாருக்கும் தெரியாமல் ஒரு பிடி கொச்சிக்காயும் உப்பும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மகளையும் பையனையும் சேர்த்து இடமிருந்து வலமாக மூன்று, வலமிருந்து இடமாக மூன்று சுற்றினேன்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஈ."

"இவ்வளவு வட்டமா பறக்குற ஈயா?"

"வெளிநாட்டு ஈ."

ஹாலிஎலயில் படம் எடுப்பதற்காக வண்டியை நிறுத்தினார்கள். சுற்றிய பிடியைப் பைக்குள்ளேயே மேலாக வைத்து, பையோடு எஞ்சினுக்கு ஓடினேன். பிடியை மட்டும் கொண்டுபோயிருக்கலாமே என்று என் மனைவி பிற்பாடு பல தடவை கேட்டாள். பையைப் பெட்டியில் விட்டுவிட்டுப் போனால் டீமேக்கரின் மூக்கு அதைத் திறந்துவிடும் என்று பயந்தேன். என் பயங்கள் எப்போதும் இப்படித்தான், முன்யோசனை நிறைந்தவை.

எஞ்சின் மேலே, கரி அள்ளிப் போடுகிற பயர்மேன் நின்றிருந்தார். சிங்களக்காரர், என் வயதுதான் இருக்கும், பல் மட்டும் வெள்ளை. "எஸ்வஹ" என்றேன். கண்ணூறுக்குச் சிங்களத்தில் அதுதான் பேர். மகளைக் காட்டினேன். மனுஷனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவருடைய அம்மாவும் இப்படித்தான் செய்வாளாம். இங்கே போட்டால் ரயில் கார்ட் பார்த்துவிடுவார், வண்டி கிளம்பி அங்கிட்டுப் போனதும் போடுகிறேன் என்றார். பையை நீட்டினேன். 'மேலே இருக்கிற ஒரு பிடி மட்டும்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் தலைக்கு நேர் மேலே எஞ்சின் ஊதியது.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இதைச் சொன்னால் புரியாது. காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பேர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் அன்றைய வேலை போச்சு. எங்கள் அம்மா வயிற்றில் என்னைச் சுமந்துகொண்டே ஓடியிருக்கிறாள். நான் ஒருநாள்கூடக் கொழுந்து பறித்ததில்லை, ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் கால் என்னைக் கேட்காது. ஓடி வந்து, ஏறி, உட்கார்ந்து, மூச்சு வாங்கியபோதுதான் முதுகு வெறும் பலகையில் சாய்ந்தது தெரிந்தது.

"பை எங்க?" என்றாள் மனைவி காதருகில்.

"பரவாயில்லங்க."

"நான் உங்க பொண்டாட்டி. பை எங்க?"

"ஒரு பிடி எடுத்துட்டு மிச்சத்தத் தருவாரும்மா."

ஹாலிஎலயைத் தாண்டி வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பயர்மேன் மறந்துவிட்டார் என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. தெமோதரைக்கு வருகிற பாதையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மேலே குன்றின்மேல் இருக்கும். ரயில் முதலில் அந்த ஸ்டேஷனுக்கு நேர் அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து, வெளியே வந்து, குன்றைப் பெரிய வட்டமாகச் சுற்றி ஏறி, அதே ஸ்டேஷனில் போய் நிற்கும். பயர்மேன் மறக்கவில்லை. ஏற்றம் கடுமையாக இருந்ததால் கை ஓயவில்லை. சுரங்கத்துக்குச் சற்று முன்னால்தான் அவருக்கு ஓய்வு கிடைத்தது. அவர் ஒழுங்கான மனுஷர். சுற்றிய பொருளில் மிச்சம் வைத்தால் கண்ணூறு திரும்பி வந்துவிடும் என்று அவருடைய அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். இரண்டு கிலோவையும் பையோடு அடுப்பில் போட்டார்.

வெளிச்சம் அணைந்தது. கரும்புகை ஜன்னல் வழியாகக் கொட்டியது. முதலில் யாரோ ஒருவர் முன்பெட்டியில் தும்மினார். பிறகு அந்தத் தும்மல் பெட்டி பெட்டியாகப் பின்னால் நடந்து வந்தது. அது எங்கள் பெட்டிக்கு வந்தபோது நான் தொண்டையில் ஒரு ஊசி இறங்குவதை உணர்ந்தேன். அடுத்த நொடி அத்தனை பேரும் இருமினார்கள். தமிழில் இருமினார்கள், சிங்களத்தில் இருமினார்கள், முன்னால் ஜெர்மன்காரர்கள் மாதிரித் தெரிந்தவர்கள் முறைப்படி, ஒருவர் பின் ஒருவராக இருமினார்கள். குழந்தை ஒன்று வீறிட்டது. யாரோ கடவுளைக் கூப்பிட்டார்கள். இருட்டில் ஒரு கை வந்து என் கையை இறுக்கிப் பிடித்தது.

"ஐயோ ஆத்தா! போச்சு! எல்லாம் போச்சு! எரியுது! வண்டி எரியுது! எறங்கணும், எறங்கணும்!"

குரல் இருமலில் கிழிந்திருந்தது. மனைவிதான் என்று நினைத்தேன். பாவம், எனக்குப் பயிற்சி கொடுத்தாள், தான் பழகவில்லை. அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தேன். எனக்கோ ஆச்சரியமாகக் கொஞ்சமும் பயம் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, நடக்கிற ஆபத்து என்னவென்று அந்த வண்டியிலேயே எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. "பரவாயில்ல, பரவாயில்ல, மூச்ச இழுக்காத, இந்தா முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வெளிச்சம் வந்தது. என் கையைப் பிடித்திருந்தவர் டீமேக்கர்.

அவர் கையைப் பார்த்தார். மெதுவாக, ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டார். இஸ்திரிச் சட்டையைச் சரிசெய்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார், என் கையைப் பிடித்த அதே கையால். கொச்சிக்காயை அள்ளிய என் கையை. அதற்குப் பிறகு வண்டி குன்றைச் சுற்றி முடிக்கும்வரை அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

தெமோதரையில் ஒரு வேடிக்கை காத்திருந்தது. நாங்கள் குன்றைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் சுரங்கத்தின் வாய் வழியாக நெடி நேராக மேலே ஏறி, எங்களுக்கு முன்னால் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்திருந்தது. மேடையில் நின்ற அத்தனை பேரும் முந்தானையால், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். வண்டியிலிருந்து நாங்கள் அழுதுகொண்டே இறங்கினோம். வெகுநாள் பிரிந்த சொந்தக்காரர்கள் சேர்ந்தது மாதிரி இருந்தது. வடை விற்கிற அம்மா, "யாருங்க தவறிட்டாங்க?" என்று என்னிடமே விசாரித்தாள்.

டீமேக்கர் மூடிய கண்ணோடு முகத்தை உயர்த்தினார். மூக்கு இரண்டு தடவை விரிந்தது.

"கொச்சிக்காய்," என்றார். "வெயில்ல காஞ்சது. கொறஞ்சது ரெண்டு கிலோ."

என் மனைவி என் கைச்சதையைப் பிடித்தாள். பேசாதீங்க என்று அர்த்தம். முன்னால் கார்ட், பயர்மேனை நிறுத்திவைத்துக் கத்திக்கொண்டிருந்தார். என்ன போட்டாய், யார் கொடுத்தது, மேலே எழுதப்போகிறேன் என்றார். பயர்மேன் தலையைக் குனிந்திருந்தார். ஒரு தடவை நிமிர்ந்து கூட்டத்துக்குள் என்னைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் மகளைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. வட்டமாகப் பறந்த ஈயை மறந்திருப்பாளா? கண் சிவந்து, மூக்கு சிவந்து நின்றாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் கல்யாணம் நடக்கும். அந்த மனுஷனுக்கு வேலையில் கறை விழும். நான் என்ன செய்வது என்று யோசித்து முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் யோசிக்கவில்லை. மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த பதட்டம் முழுவதும் குக்கர் மாதிரி ஒரே நேரத்தில் திறந்துகொண்டது.

"நான்தாங்க! நான்தான் குடுத்தேன்! அவரு மேல தப்பில்ல! கறிக்கொச்சின்னு நெனச்சேங்க, கரிக்கோச்சின்னு தெரியாது! ஒரு பிடிதான் சொல்ல வந்தேன், சங்கு ஊதிருச்சு! எனக்கு முதுகு வலியே இல்லைங்க, அது தலவாணி இல்ல! சட்டை எரிஞ்சப்ப ரொம்பச் சுட்டுச்சு! எனக்குக் குகைன்னாலே பயம்! பூமி அதிரவே இல்ல, அது ஆட்டுக்கல்லு!"

கடைசி வாக்கியம் அங்கே யாருக்கும் புரிந்திருக்காது. பாதியைச் சிங்களத்திலும் பாதியைத் தமிழிலும் கத்தியிருக்கிறேன் என்று மகள் சொன்னாள்.

கார்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பயர்மேன் தாழ்ந்த குரலில் 'எஸ்வஹ' என்றார். கார்ட் மகளையும் பக்கத்தில் நின்ற பையனையும் பார்த்தார். வெள்ளைக்காரர்களின் வழிகாட்டி ஓடி வந்து, இது இந்த ஊர்ச் சம்பிரதாயமா, இன்னொரு தடவை செய்வீர்களா, சிலர் வீடியோ எடுக்கத் தவறிவிட்டார்களாம் என்று கேட்டார். கார்ட் கொஞ்ச நேரம் ஸ்டேஷன் கூரையைப் பார்த்தார். பிறகு பயர்மேனிடம், "அடுத்த தடவை எனக்குச் சொல்லிட்டுப் போடு. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கொடியை உதறிக்கொண்டு போய்விட்டார்.

கார்ட் விட்டுவிட்டார். மிஞ்சியவர் டீமேக்கர். அவர் குழாயடியில் நின்று கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்க பதட்டக்காரர்தான்," என்றார் தண்ணீருக்குள்ளிருந்து.

"ஆமாங்க."

"நல்லா நடிச்சீங்க."

"ஆமாங்க."

பின்னால் அவருடைய மனைவி சிரித்தது கேட்டது. "இவரப் பாத்து ஏன் பயப்படுறீங்க? இவரு பெரிய தைரியசாலியா? ஃபெக்டரில அடுப்புல ஒருதரம் பொறி பறந்தப்ப மொதல்ல வெளிய ஓடுன ஆளே இவருதான். ஓடிப்போய் நின்னுக்கிட்டு, எல்லாரும் பத்திரமா வந்துட்டீங்களான்னு தொரை மாதிரி எண்ணுனாரு. வீட்டுல பல்லி விழுந்தா மூணு நாளைக்கு அந்த ரூமுக்குள்ள போக மாட்டாரு."

"இப்ப அது எதுக்கு?" என்றார் டீமேக்கர்.

"ஒரு குடும்பத்துல ரெண்டு பதட்டக்காரங்க இருந்தா யாரு யாரச் சமாளிக்கிறதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்குத்தானே இவரப் பரீட்சை பாக்கக் கூட்டிட்டு வந்தீங்க? சுரங்கத்துக்குள்ள யாரு யாரச் சமாளிச்சது?"

டீமேக்கர் முகத்தை இன்னொரு தடவை கழுவினார். அந்த அம்மா விடவில்லை. மேடையில் இன்னும் இருமிக்கொண்டிருந்த கூட்டத்தைக் கையால் காட்டினாள்.

"சுத்திப் போட்டா நெடி வரலன்னாத்தான் கண்ணுபட்டிருக்குன்னு அர்த்தம். இங்க தெமோதரை முழுக்க நெடி. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும் உங்களுக்கு? தேதியச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். கண் இரண்டும் அந்தக் கொச்சிக்காயை விடச் சிவப்பாக இருந்தன. என்னைப் பார்த்தாரா, எனக்குப் பக்கத்துத் தூணைப் பார்த்தாரா என்று சொல்ல முடியவில்லை.

"தையில வச்சுக்கலாம், சம்பந்தி," என்றார். "ஆனா ஒண்ணு. ஐயர் ஓமம் வளர்க்கும்போது நீங்களும் நானும் மண்டபத்துக்கு வெளிய நிக்கணும்."

அப்படித்தான் நின்றோம். வாசலில், ஆளுக்கொரு தூணில் சாய்ந்துகொண்டு, உள்ளே புகை கொஞ்சம் தூக்கலாக எழுந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில் ஓர் எட்டுப் பின்னால் வைத்தோம்.